நாலு மணிக்குப் பிறகு

அடுத்தவர் குடித்து மிச்சம் வைத்த தேநீரைத் தவிர, வேறு எந்த மிச்சத்தையும் பார்த்துக்கொண்டு மாடிவீட்டு அக்காவால் சும்மா இருக்க முடியாது. பாதி எழுதிய விலாசம், பாதி போட்ட குறுக்கெழுத்து, பாதி உரித்த பட்டாணி எதுவானாலும் கை தானாக நீண்டுவிடும். எங்கள் கட்டடத்தின் துணி துவைக்கும் அறையில் யாரோ ஒரு படப்புதிர்ப் பெட்டியைப் போட்டுவிட்டுக் குடிமாறிப் போயிருந்தார்கள். ஆயிரம் துண்டு. துணி காயும் நேரமெல்லாம் அதன் முன்னால் நின்றே மூன்று வாரத்தில் முடித்தார். கடைசியில் ஒரே ஒரு துண்டைக் காணவில்லை. பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி, பச்சை வண்ணம் பூசி, அந்த ஓட்டையை அடைத்தபிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது.

"அரைகுறையா விட்ட சாமான் அழும், பிள்ளை. உமக்குக் கேக்காது. எனக்குக் கேக்கும்" என்பார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனில் நர்ஸ் படிப்பு முடித்து, சிட்னிக்கு வந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. நான் திருச்சிக்காரி. கல்யாணமான ஆறாம் மாதம், எழுபத்து நாலில், என் கணவருக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்து சேர்ந்தேன். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷன் பக்கத்துச் செங்கல் கட்டடத்தில் கீழ்த்தளம் எங்களுக்கு. எங்கள் தலைக்கு மேலே அவர். இன்று அந்த ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் இடியாப்பமே கிடைக்கிறது. அன்று தமிழ் பேச வேண்டுமென்றால் மாடி ஏற வேண்டும். பதினேழு படி.

நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பிள்ளை என்பார். என் வயதுக்காரியை அவர் ஊரில் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார்களாம், பின்னால்தான் தெரிந்தது. அந்தச் சொல் மட்டும் அவர் வாயில் வந்ததில்லை.

ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். கழுத்துத் துணி பின்னிக்கொண்டிருந்த ஒரு கிழவி பாதியில் இறந்துபோனாள். இவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதே நிற நூல் தேடி அலைந்து, முடித்து, கிழவியின் மகளுக்கு அனுப்பினார். மகள் நேரில் வந்து கட்டிக்கொண்டு அழுதாள். இன்னொரு தாத்தா பேரனுக்கு எழுதி முடிக்காமல் விட்ட கடிதத்தை இவரே முடித்து அனுப்பியபோது வேறு மாதிரி ஆயிற்று. தாத்தாவின் மகன் வார்டுக்கே வந்து, "செத்துப்போனவர் சொல்லாததைச் சொல்ல நீ யார்?" என்று கத்திவிட்டுப் போனான். மேலதிகாரியிடம் திட்டு வாங்கினார். என்னிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தம் இருந்ததே தவிர, தப்புச் செய்துவிட்டோம் என்கிற நினைப்பு இருந்ததாகத் தெரியவில்லை. "அன்புடன் எண்டு எழுதி நிப்பாட்டியிருந்தவர். கீழை பேர்தானே இல்லை" என்றார்.

எழுபத்தைந்து குளிர்காலத்தில் எனக்கு ஐந்தாம் மாதத்தில் குழந்தை கலைந்துபோனது. என் கணவர் நல்ல மனிதர்தான். ஆனால் யாராவது அழுவதைக் கண்டால் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போகிற ரகம். "அடுத்தது பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். திருச்சியிலிருந்து அம்மா, யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தாள். நானும் எழுந்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். வேறென்ன செய்வது?

கதவைத் தட்டிவிட்டு அவர் உள்ளே வந்தார். கையில் தூக்குவாளி. சோறு, பருப்பு, உப்புக் குறைத்து வைத்த பூசணிக்காய். என் கையிலிருந்த அரிசிப் பாத்திரத்தை வாங்கி மேடையில் வைத்தார்.

"இண்டைக்கு அடுப்பு மூட்டாதையும். சாவு வீட்டிலை அடுப்பு எரியக்கூடாது."

சாவு வீடு. அந்தச் சொல்லை அதுவரை யாரும் சொல்லவில்லை. டாக்டர் வேறு ஏதோ பேர் சொன்னார், என் கணவர் 'அது' என்றார், அம்மா 'அந்த விஷயம்' என்று எழுதினாள். செத்தது ஓர் உயிர் என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள் இவர்தான். தரையில் உட்கார்ந்து அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். அவருக்கு நான் பட்ட கடன் அது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அதோடு விட்டாரா? நாற்காலியில் ஊசியோடு கிடந்தது நான் பின்னிக்கொண்டிருந்த சின்னச் சட்டை. மஞ்சள் நிறம். உடம்பு முடிந்து ஒரு கை முடிந்து, இன்னொரு கை ஆரம்பிக்கவில்லை. போகும்போது அதைக் கையோடு எடுத்துப் போயிருக்கிறார். நான் கவனிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, இஸ்திரி போட்டு, இரண்டு கையும் வைத்து, வெள்ளைப் பொத்தான் தைத்து, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"யாருக்குக்கா இது? யார் போட்டுக்கப் போறா?"

"ஒருத்தரும் போடாட்டியும் பரவாயில்லை. ஒரு கையோடை கிடக்கக்கூடாது, பிள்ளை."

கதவைச் சாத்திவிட்டேன். பதினொரு நாள் அந்தப் படி ஏறவில்லை. பன்னிரண்டாம் நாள் ஏறினேன். பேச வேறு ஆள் இருக்கிற ஊரில்தான் கோபத்துக்கு ஆயுசு உண்டு. சட்டையைப் பெட்டியின் அடியில் போட்டு மறைத்தேன். எறியவும் மனம் வரவில்லை.

அன்று, நான் பதினொரு நாள் வராததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், "ஞாயிற்றுக்கிழமை என்னோடை ஒரு இடத்துக்கு வாறீரோ?" என்றார்.

"எங்கக்கா?"

"ஜப்பானுக்கு."

மேசையில் ஒரு தாளை விரித்தார். விரித்தார் என்பதைவிட அவிழ்த்தார் என்பது சரி. மேல்பாதி பள்ளிக்கூட நோட்டுத்தாள், மடிப்புகளில் பழுப்பேறி, ஒட்டுத்தாள் போட்டு ஒட்டியிருந்தது. கீழ்ப்பாதி வேறு தாள், ஆஸ்பத்திரியில் காய்ச்சல் கணக்கெழுதும் கட்டம் போட்ட தாள். இரண்டையும் பசை போட்டு இணைத்திருந்தார். டோக்கியோவில் ஒருநாள். அந்த நகரத்தைச் சுற்றி வட்டமாக ஒரு ரயில் ஓடுகிறதாம். எங்கே ஏறினாலும் ஒரு மணி நேரத்தில் ஏறிய இடத்துக்கே வந்துவிடலாம். ஒவ்வொரு ஸ்டேஷனில் இறங்கி ஒவ்வொன்றைப் பார்ப்பது, மறுபடி ஏறுவது. எட்டரை, உயேனோ ஸ்டேஷன், பிளாட்பாரத்திலேயே தோழியைச் சந்திப்பது. எட்டு ஐம்பது, மிருகக்காட்சிசாலை, யானை. பதினொன்று, தாமரைக் குளம், சாப்பாடு. ஒன்றரை, ஹராஜுக்கு ஸ்டேஷன், காட்டுக்குள் இருக்கும் கோயில். நாலு மணி, யூராக்குச்சோ. இவ்வளவும் மேல்பாதி. நாலு மணிக்குப் பிறகு கீழ்ப்பாதியில் ரிப்பன் கடை, சிவப்புக் கோபுரம், கடலோரம் போகும் ஒற்றைத் தண்டவாள ரயில்.

அந்தத் தோழி அவருக்குப் பேனா நட்பு. பத்தொன்பது வருஷமாகக் கடிதம். அக்டோபரில் விடுமுறை எடுத்து முதல்முதலாக நேரில் பார்க்கப் போகிறார். அதற்குத்தான் ஒத்திகை. டோக்கியோவில் இருப்பது போலவே சிட்னி நகரத்துக்குள்ளும் வட்டமாக ஒரு ரயில் ஓடுகிறதே, அதில் ஏறி இறங்கிப் பார்த்தால் படிக்கட்டுக்கு எத்தனை நிமிஷம், போட்டோவுக்கு எத்தனை நிமிஷம் என்று தெரிந்துவிடுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. யானையைப் பார்க்க யாராவது ஜப்பான் போவார்களா என்று கேட்டேன்.

"அப்பாவும் அப்பிடித்தான் கேட்டுச் சிரிச்சவர்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

போனோம். ஒருமுறை அல்ல, ஐந்து ஞாயிற்றுக்கிழமை போனோம். அந்தக் காலத்துச் சிவப்பு ரயில், கதவைக் கையால்தான் இழுக்க வேண்டும், பாதிப் பேர் திறந்தேதான் போட்டிருப்பார்கள். சேலைக்கு மேலே கோட்டு. என் மடியில் தயிர்சாதம், அவர் மடியில் அந்தத் தாள். சென்ட்ரலில் இறங்கி வட்ட ரயிலுக்கு மாறுவோம். சர்க்குலர் கீ ஸ்டேஷனில் துறைமுகமும் பாலமும் கண்ணுக்கு நேரே விரிந்து கிடக்கும். எல்லோரும் அதைப் பார்ப்பார்கள், இவர் கடிகாரத்தைப் பார்ப்பார். "இது யூராக்குச்சோ. கெதியா இறங்கும்" என்பார். மியூசியம் ஸ்டேஷன்தான் உயேனோ, வெளியே வந்தால் பூங்கா இருப்பதால். பூங்காவில் வரிசையாக அத்திமரங்கள், அடி பருத்து யானைக்கால் மாதிரி நிற்கும். "இதை யானையெண்டு நினையும், பத்து நிமிஷம் பாரும்" என்பார். நானும் மரத்தைப் பத்து நிமிஷம் பார்ப்பேன். வெள்ளைக்காரக் குழந்தைகள் எங்கள் இருவரையும் பார்க்கும். என் குழந்தை போனபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த மரத்தடியில்தான்.

நாலாவது ஞாயிறு. பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தாள் என் கையில் இருந்தது. மேல்பாதிக் கையெழுத்து உருண்டை உருண்டையாக, எழுத்துக்கெல்லாம் வால் நீட்டி இருந்தது. கீழ்ப்பாதி நெருக்கிப் பிடித்த நிமிர்ந்த எழுத்து. நாலு மணியில் கோடு போட்ட மாதிரி மாறிற்று.

"சின்ன வயசுல உங்க கையெழுத்து வேற மாதிரி இருந்திருக்கேக்கா."

அவர் தாளை வாங்கி மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார்.

"அது என்ரை எழுத்தில்லை. என்ரை தங்கச்சியின்ரை" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயால் முதல்முதலாக அன்றுதான் கேட்டேன்.

அவரைவிட இரண்டு வயது இளையவள். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரி டீச்சர் ஒருவர் வெளிநாட்டுப் பிள்ளைகளின் விலாசம் கொடுத்து எழுதச் சொல்ல, தங்கைக்கு டோக்கியோப் பெண் கிடைத்தாள். இரண்டும் பதின்மூன்று வயது. பார்க்கப் போவதே இல்லை என்று தெரிந்த பிள்ளைகள் விளையாட்டாகத் திட்டம் போட்டார்கள்: இவள் ஒருநாள் டோக்கியோ வருவாள், வட்ட ரயிலில் ஊர் சுற்றுவார்கள். காலை எட்டரையிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நாளை நகர்த்தி நாலு மணிக்கு வந்தபோது, பதினைந்து வயதில், தங்கை ஒன்பது நாள் நெருப்புக்காய்ச்சலில் செத்துப்போனாள்.

"எங்கள் ரெண்டு பேருக்கும் முதலெழுத்து ஒண்டுதான். பின்னாலை அப்பாவின்ரை பேர். உறையிலை மிஸ் எஸ் எண்டு போட்டு அப்பாவின்ரை பேர்தான் இருக்கும். அவளுக்கோ எனக்கோ எண்டு தபால்காரனுக்கும் தெரியாது. அவளின்ரை முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடிஞ்ச அடுத்த கிழமை கடிதம் வந்தது. என்ரை பேரும் அதுதானே எண்டு உடைச்சன். உள்ளை ஒரு கேள்வி. நாலு மணிக்குப் பிறகு எங்கை போவம் எண்டு கேட்டிருந்தாள். கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் விடேலுமோ, பிள்ளை? ரிப்பன் கடைக்குப் போவம் எண்டு எழுதினன். கீழை எஸ் எண்டு கையெழுத்து வைச்சன். பொய்யில்லைத்தானே."

பத்தொன்பது வருஷம். அந்தப் பெண்ணுக்கு நூலகத்தில் வேலை கிடைத்தது, அப்பா இறந்தது, கல்யாணம் பேசி முறிந்தது எல்லாம் செத்துப்போனவளுக்குத்தான் எழுதப்பட்டன. இவர் வாங்கி, படித்து, ஆறுதல் எழுதினார். புதுக் கோபுரம் கட்டியிருக்கிறோம், காலையிலேயே போகலாம் என்று அந்தப் பெண் எழுதியபோது, காலையில் கை வைக்காதே, நாலு மணிக்குப் பிறகு வைத்துக்கொள் என்று பதில் போட்டார். நர்ஸ் படிப்புக்கூடத் தங்கையின் ஆசைதானாம். இவருக்குக் கணக்கு வாத்தியார் ஆக விருப்பம்.

எனக்கு அந்த மஞ்சள் சட்டை ஞாபகம் வந்தது. கோபமும் கூடவே வந்தது.

"செத்தவங்க பேர்ல இன்னொருத்தியை ஏமாத்திக்கிட்டே இருக்கீங்களேக்கா."

"அம்மாவுக்கு அவள் செத்திட்டாள். அப்பாவுக்குச் செத்திட்டாள். பள்ளிக்கூடத்துக்கும் செத்திட்டாள். டோக்கியோவிலை ஒருத்திக்கு மட்டும் என்ரை தங்கச்சிக்கு இப்ப முப்பத்துநாலு வயசு." மடித்த தாளை மடியில் வைத்து நீவினார். "அதை நான் எப்பிடிப் பிடுங்குறது?"

நேரில் போனால் தெரியாமல் போகுமா என்று கேட்டேன். சொல்லத்தான் போகிறேன் என்றார். அந்தப் பெண்ணுக்கும் வயதாகிறது. இன்னும் எத்தனை நாள் பொய்யை நேசிக்க வைப்பது? தாளைத் திறந்து காட்டினார். எட்டரைக்கும் யானைக்கும் நடுவே பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தது: 'சொல்வது, ஐந்து நிமிஷம்.'

"ஒரு சாவைச் சொல்ல அஞ்சு நிமிஷம் போதுமாக்கா?"

"ஆஸ்பத்திரியிலை ரெண்டு நிமிஷத்திலை சொல்லுறனாங்கள்."

ஐந்தாவது ஞாயிறு அந்த ஐந்து நிமிஷத்துக்கும் ஒத்திகை பார்த்தோம். மியூசியம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நான் டோக்கியோப் பெண்ணாக நின்றேன். ரயில் வந்தது, இறங்கி என் எதிரே வந்து நின்றார். வாயைத் திறந்தார். "இண்டைக்கு நல்ல வெயில்" என்றார். திரும்பிப் போய் அடுத்த ரயிலுக்காகக் காத்திருந்தார்.

அக்டோபரில் போனார். நாலாம் நாள் திரும்பினார். நான் படியேறிப் போனபோது சமையலறை நாற்காலியில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. நான்தான் அணைத்தேன்.

"என்ரை ரயில்பெட்டிக் கதவு அவளுக்கு நேரை திறந்தது. நாலடி தூரத்திலை நிண்டாள். சின்ன உருவம், கண்ணாடி, சாம்பல் கோட்டு. ரெண்டு கையாலையும் ஒரு பேப்பரைப் பிடிச்சுக்கொண்டு. அதிலை என்ரை தங்கச்சியின்ரை பேர். தமிழிலை, பிள்ளை."

"தமிழ்லயா?"

"முதல் கடிதத்திலை தங்கச்சி தன்ரை பேரைத் தமிழிலை எழுதி அனுப்பினவள். இவள் அதைப் பார்த்து அப்பிடியே பெரிசா எழுதியிருக்கிறாள். கடைசி எழுத்திலை தங்கச்சி இழுக்கிற வாலும் இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அவளின்ரை கையெழுத்தைக் கண்டன்."

"இறங்கலையா?"

"கால் வரேல்லை. கதவு பூட்டிட்டுது."

ஒரு சுற்று ஒரு மணி நேரம். அதற்குள் மனதைத் திடப்படுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். ஒன்பதரைக்கு மறுபடி உயேனோ. அந்தப் பெண் அதே இடத்தில், அதே பேப்பரோடு. பத்தரைக்கும் அப்படியே நின்றாள். மூன்று முறை கதவு திறந்தது, மூன்று முறையும் மூடியது. பதினொன்றரைக்கு இறங்கினார். பிளாட்பாரத்தில் அவள் இல்லை.

"அவங்க உங்களைப் பாக்கலையா?"

"அவள் தேடினது வேறை முகத்தையெல்லோ" என்றார்.

டோக்கியோ ரயிலில் அன்று சேலை கட்டியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தவர், "உம்மடை அந்தச் சட்டையை நான் முடிச்சிருக்கக்கூடாது, என்ன?" என்றார்.

"ஆமாக்கா."

"இருக்கோ?"

"இருக்கு."

"கையை அவிட்டுப் போடும்."

"வேணாம். இருக்கட்டும்" என்றேன். அவர் தலையாட்டினார்.

அதன் பிறகு ஒன்றரை மாதம் அவர் டோக்கியோவுக்கு எழுதவில்லை. அந்த வீட்டில் அரைகுறைகள் சேர ஆரம்பித்தன. பாதி கழுவிய பாத்திரம், ஓரம் அடிக்காத பாவாடை, பாதி தோலுரித்த உருளைக்கிழங்கு. வேறு யார் வீட்டிலாவது பார்த்தால் சாதாரணம். அவர் வீட்டில் அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நானே ஒவ்வொன்றாக முடித்துவைத்தேன்.

டிசம்பரில், சிள்வண்டு காதைத் துளைக்கிற ஒரு சனிக்கிழமை, கடிதம் வந்தது. உறையில் அதே மிஸ் எஸ். என்னைக் கூப்பிட்டு, "நீர் வாசியும். என்னாலை ஏலாது" என்றார். அகராதி பார்த்து எழுதிய இங்கிலீஷ். எனக்கு இன்றும் கிட்டத்தட்ட மனப்பாடம்.

'அன்புத் தோழி, அன்று உன்னைக் காணவில்லை. உன் அக்காவைக் கண்டேன். நீ முதலில் அனுப்பிய புகைப்படத்தில் உனக்கு வலப்பக்கம் நிற்பவர். அதே நெற்றி. நீலச் சேலையில் ரயிலில் உட்கார்ந்திருந்தார். மூன்று முறை என்னைக் கடந்து போனார். அழுதுகொண்டிருந்தார், அதனால் நான் கூப்பிடவில்லை. மன்னிக்கச் சொல். பிறகு நான் போய் யானையைப் பார்த்தேன். குளத்தருகே சாப்பிட்டேன். காட்டுக் கோயிலில் நடந்தேன். நாலு மணிக்கு யூராக்குச்சோவில் இருந்தேன். நீயும் நானும் எழுதியதில் எதையும் விடவில்லை. நம் பகுதி முடிந்தது. நாலு மணிக்குப் பிறகு உள்ளதெல்லாம் உன் அக்கா எழுதியது. பல வருஷங்களாக எனக்கு அது மிகவும் பிடிக்கும். அதற்கு அவரே வரட்டும்.'

நான் வாசித்து நிறுத்தியதும், "திரும்ப வாசியும்" என்றார். வாசித்தேன்.

"அவளுக்குத் தெரியும்" என்றார்.

"ஆமாக்கா."

"எவ்வளவு காலமாத் தெரியும்?"

கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். எழுந்து போய் ஒரு வான்கடிதத் தாளை எடுத்துவந்து உட்கார்ந்தார். அனுப்புநர் இடத்தில், எஸ் என்று நிறுத்தாமல், தன் பெயரை முழுதாக எழுதினார். திருப்பி, முதல் வரியை எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிந்தது. மூன்று நாலு சொல்தான் இருக்கும். பேனா நின்றது. பிறகு அவர் மேசையில் நெற்றியை வைத்து, "என்ரை தங்கச்சி" என்று அலறினார். பத்தொன்பது வருஷம் கழித்து அழுகிற அழுகை அல்ல அது. இப்போதுதான் தந்தி வந்த வீட்டின் அழுகை.

அவர் அடுத்த வருஷமே மெல்பேர்னுக்கு வேலை மாறிப் போய்விட்டார். இரண்டு புத்தாண்டு அட்டை வந்தது. அப்போது என் மகள் கைக்குழந்தை. பதில் போட வேண்டும் என்று நினைத்து நினைத்தே விட்டுவிட்டேன். நாலு மணிக்குப் பிறகு உள்ளதைப் பார்க்க அவர் மறுபடி டோக்கியோ போனாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டு எழுதியிருக்கலாம். அவரைப் போய் அரைகுறையாக விட்டது நான்தான், அது இன்றும் உறுத்துகிறது.

அந்தச் சனிக்கிழமை அவர் அழுது ஓயும் வரை பக்கத்தில் இருந்தேன். பிறகு கீழே வந்து அரிசி களைந்து உலை வைத்தேன். பருப்பு வேகவைத்தேன். பூசணிக்காய் இருந்தது, உப்புக் குறைத்துப் போட்டேன். குழந்தை போன அன்று அவர் கொண்டுவந்துவிட்டு வாங்கிப் போகாத தூக்குவாளி என்னிடமே இருந்தது. அதைக் கழுவி நிரப்பிக்கொண்டிருந்தபோது என் கணவர் வந்தார்.

"யாருக்கு இவ்வளவு?"

"மாடிக்கு. சாவு வீடு."

"ஐயையோ. யாரு?"

"அக்காவோட தங்கச்சி."

அவர் செருப்பைக் கழற்றாமல் நின்றார். "எப்போ?"

"இன்னைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, தூக்குவாளியோடு படியேறினேன்.